ஏ320 ஓட்ட எந்த மானிட்டர்? 27 இன்ச் 1440பி-யா, 32 இன்ச் 4கே-வா?

கோவை_172

வணக்கம்ங்க. மானிட்டர் மாத்தலாம்னு இருக்கேன், ஒரு முடிவுக்கு வர முடியல.

இப்ப இருக்கறது 24 இன்ச் 1080பி (1920-க்கு 1080 புள்ளி). மெஷின் ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ரேம் 32 ஜிபி. ஓட்டறது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020. வாரக் கடைசியில ஏ320 பயணி விமானம், கோவை–சென்னை, கோவை–பெங்களூரு மாதிரி சின்ன ரூட்டுங்க. மத்த நாள்ல நேரம் கிடைச்சா ஜி1000 (டிஜிட்டல் கருவித் திரை) வெச்ச சின்ன விமானம், செஸ்னா 172.

தொந்தரவு என்னன்னா, முன்கண்ணாடி வழியா ஓடுதளமும் தெரியணும், கீழ பிஎஃப்டியும் (வேகம், உயரம் காட்டற முக்கியத் திரை) தெரியணும்னு கேமராவை வெச்சா, அதுல வேகம் ஓடற ஸ்பீடு டேப்புல இருக்கற நம்பரை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கு. ரூட்டை அடிக்கற சின்னத் திரை எம்சிடியூ பத்திக் கேக்கவே வேண்டாம். ஜூம் பண்ணி, படிச்சு, திருப்பி வெளிய வர்றதுக்குள்ள விமானம் 1,000 அடின்னு கூப்பிட்டுருது.

பார்த்து வெச்சிருக்கறது 27 இன்ச் 1440பி (2560-க்கு 1440 புள்ளி), 32 இன்ச் 4கே (3840-க்கு 2160), 34 இன்ச் அல்ட்ராவைடு. இங்க கடையில ஒருத்தர் "32 இன்ச்சுலயே 1440பி எடுத்துக்கங்க, விலையும் கம்மி, படமும் பெருசு"ங்கறார். பட்ஜெட் 30-லிருந்து 35 ஆயிரம். மேசை ஆழம் 60 செ.மீ.தான், செவுத்தோட ஒட்டிப் போட்டிருக்கு. எதுங்க எடுக்கலாம்?

ரன்வே_ராஜா

ப்ரோ, 32 இன்ச் 4கே எடுங்க, யோசிக்கவே யோசிக்காதீங்க. ஒரு தடவை 4கே-ல காக்பிட் பார்த்துட்டா திரும்ப வர மாட்டீங்க. நான் 4070 டிஐ கார்டுல ஓட்டறேன், வெண்ணெய் மாதிரி போகுது. 3060-க்கு டிஎல்எஸ்எஸ்-ஐ (குறைஞ்ச புள்ளியில வரைஞ்சு பெருசாக்கற வசதி) பெர்ஃபார்மன்ஸ்ல போட்டுக்கங்க, முடிஞ்சது வேலை.

கண்ணாடிக்கடை_திருச்சி

தம்பி, எனக்குத் தொழிலே கண் பரிசோதனை. ராத்திரி கடை சாத்திட்டு எக்ஸ்-ப்ளேன் 12-ங்கற இன்னொரு சிம். அதனால இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் வேற பக்கமாப் பிடிக்கறேன், பொறுத்துக்கங்க.

"எழுத்து தெரியல"ன்னு கடைக்கு வர்றவங்களுக்கு நாங்க முதல்ல ஒரு அட்டையில ஊசித் துளை போட்டு அது வழியாப் பார்க்கச் சொல்லுவோம். துளை வழியாத் தெளிவாத் தெரிஞ்சா கண்ணாடி போட்டாச் சரியாகும். அப்பவும் தெரியலன்னா கோளாறு வேற இடத்துல, டாக்டர்கிட்ட அனுப்பிருவோம். உங்க மானிட்டருக்கும் இந்த மாதிரி ஒரு சோதனை இருக்கு. அடுத்த தடவை ஸ்பீடு டேப் புரியாதப்ப ஜூம் பண்ணாதீங்க. முகத்தைத் திரைகிட்ட ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு போங்க. அங்க போனதும் 8-ம் 6-ம் தனித்தனியாப் பிரிஞ்சு தெரியுதுன்னா உங்களுக்கு வேண்டியது பெரிய திரை. ஒரு சாண்லயும் நம்பர் கட்டெறும்பு மாதிரிதான் நிக்குதுன்னா திரை அளவு ஒண்ணும் செய்யாது, புள்ளி எண்ணிக்கைதான் பத்தல. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் பாதிப் பேர் காசைக் கரைக்கிறாங்க.

எதுவா இருக்கும்னு எனக்கு இப்பவே ஒரு ஊகம் இருக்கு. நல்ல பார்வைன்னு நாங்க சொல்ற 6/6, ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு இடைவெளியைப் பிரிச்சுப் பார்க்கும். 60 செ.மீ. மேசையில ஸ்டாண்டு போக, ஸ்டிக்கும் த்ராட்டிலும் முன்னாடி வெச்சு, நாற்காலியைத் தள்ளிப் போட்டு உக்காந்தா கண்ணுக்கும் திரைக்கும் 65 செ.மீ. வரும். அந்தத் தூரத்துல உங்க கண் பிரிச்சுப் பார்க்கற அளவு 0.19 மி.மீ. உங்க 24 இன்ச் 1080பி-ல ஒரு புள்ளியோட அகலம் 0.277 மி.மீ. அதாவது உங்க கண்ணுக்கு இன்னும் தெம்பு இருக்கு, திரைதான் பின்தங்கி நிக்குது. 27 இன்ச் 1440பி-ல ஒரு புள்ளி 0.233. 32 இன்ச் 4கே-ல 0.185, கிட்டத்தட்ட கண்ணோட எல்லைக்கே வந்தாச்சு. 27 இன்ச்சுல 4கே போட்டா 0.156, இந்த மேசையில அது கொஞ்சம் வீண்.

கடைக்காரர் சொன்ன 32 இன்ச் 1440பி-யோட புள்ளி அகலம் எவ்வளவு தெரியுமா? அதே 0.277. இப்ப இருக்கற 24-ஐயே பக்கவாட்டுலயும் மேலயும் நீட்டி வெச்ச மாதிரி. 27-ல வர்ற அதே 2560 புள்ளிதான், பெருசாப் பரத்தி வெச்சிருக்காங்க. ஒரு மீட்டர் தள்ளி உக்கார்றவருக்கு அது நல்ல பொருள். உங்க மேசைக்கு இல்ல.

சரி, புள்ளி கூடினா நம்பர் எப்படித் தெளியுதுன்னு செஸ்னாவை வெச்சே பார்ப்போம். ஜி1000 திரை நிஜத்துல 10.4 இன்ச், 1024-க்கு 768 புள்ளி. ரெண்டு திரையும் ஜன்னலும் சேர்ந்து தெரியற மாதிரி நான் வைக்கற வியூவுல பிஎஃப்டி என் மானிட்டர் அகலத்துல கால் பங்குதான் வருது. அப்ப 1080பி மானிட்டர்ல அதுக்குக் கிடைக்கறது 480 புள்ளி. 1024-ல எழுதினதை 480-ல காட்டணும்னா பாதிக்கு மேல கொட்டிப் போயிரும், 8 எல்லாம் 0 ஆகும். 1440பி-ல 640 கிடைக்கும். 4கே-ல 960, அதாவது நிஜக் கருவியில இருக்கறதுல பெரும்பகுதி அப்படியே வந்து சேருது. ராஜா தம்பி 4கே-வைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடறதுல நியாயம் இருக்கு. மலையும் மரமும் 1080பி-லயே அழகாத்தான் இருக்கு. 4கே வேண்டியது காக்பிட்டுக்கு.

ஆனா 3060-ல டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ்னு சொல்லிட்டாரே, அங்கதான் எனக்கு ஒத்து வரல. 4கே-ல பெர்ஃபார்மன்ஸ் போட்டா உள்ள வரையறது 1920-க்கு 1080தான். மிச்சத்தை ஊகம் பண்ணி நிரப்புது. வெளிய இருக்கற வயலுக்கும் மேகத்துக்கும் அந்த ஊகம் போதும். ஓடிக்கிட்டே இருக்கற ஆல்டிட்யூட் நம்பர்ல ஊகம் செல்லாது, பழைய நம்பரோட நிழல் புது நம்பர் மேல இழுபடும். நம்பர் படிக்கத்தானே 4கே வாங்கினோம்?

கார்டு தாங்குமான்னு கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். உங்க இப்போதைய 1080பி-லயே கிராஃபிக்ஸ் செட்டிங்ல டிஏஏ-வை (ஓரங்களை வழவழப்பாக்கற வசதி) வெச்சுக்கிட்டு ரெண்டர் ஸ்கேலிங்கை 133-க்கு ஏத்துங்க. கார்டு வரையறது ஏறக்குறைய 2560-க்கு 1440 ஆயிரும். 200-க்கு ஏத்தினா முழு 4கே, 1080பி-யை விட நாலு மடங்கு புள்ளி. படத்தோட தெளிவு இதுல தெரியாது, ஆனா எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) எவ்வளவுன்னு உள்ளது உள்ளபடி தெரிஞ்சுரும். ஒண்ணு கோவையில நின்னு பாருங்க, ஒண்ணு சென்னையில நின்னு பாருங்க. டெவலப்பர் மோடுல எஃப்பிஎஸ் காட்டியைப் போட்டா மெயின் த்ரெட் (ப்ராசஸர் வேலை) முட்டுதா, ஜிபியூ (கிராஃபிக்ஸ் கார்டு) முட்டுதான்னு எழுதிக் காட்டும். சென்னை மாதிரி பெரிய ஏர்போர்ட்டுல பெரும்பாலும் ப்ராசஸர்தான் முதல்ல மூச்சு வாங்கும், அங்க ரெசல்யூஷனை ஏத்தினாலும் எஃப்பிஎஸ் அவ்வளவா இறங்காது.

34 இன்ச் அல்ட்ராவைடு உயரத்துல 27 இன்ச்சுதான், ரெண்டும் 33 செ.மீ. சொச்சம். பக்கவாட்டுல 20 செ.மீ. கூடுது. டாக்ஸி பண்றப்ப, அதாவது தரையில ஓட்டறப்ப, நல்லாயிருக்கும். ஏர்போர்ட்டைச் சுத்தற சர்க்யூட்ல டவுன்விண்ட் போறப்ப (ஓடுதளத்துக்கு இணையா, இறங்கற திசைக்கு எதிரா) ஓடுதளம் உங்க தோளுக்கு நேரா 90 டிகிரியில இருக்கும், அதை எந்த அல்ட்ராவைடும் காட்டாது. அதுக்குத் தலையசைவைப் பிடிக்கற ஓப்பன்ட்ராக் போடுங்க, இலவசம், ஒரு வெப்கேம் போதும்.

கோவை_172

அண்ணா, ரொம்ப நன்றிங்க. சொன்னபடியே பண்ணிப் பார்த்தேன்.

ஒரு சாண் சோதனையில மூக்கு திரையில இடிக்கற வரைக்கும் போயாச்சு. கட்டெறும்பு கட்டெறும்பாத்தான் இருந்துச்சுங்க, 138-ஆ 130-ஆன்னு தெரியல. வீட்டுக்காரம்மா என்ன பண்றீங்கன்னு கேட்டுட்டுப் போறாங்க.

ரெண்டர் ஸ்கேலிங்: கோவையில ஓடுதளம் 23 முனையில நின்னப்ப 100-ல 46 எஃப்பிஎஸ், 133-ல 36, 200-ல 18. சென்னையில கேட்டுல நின்னு 33, 31, 17. சென்னையில முதல் ரெண்டுக்கும் மெயின் த்ரெட்னுதான் காட்டுச்சு.

அப்ப 4கே-க்கு இந்தக் கார்டு ஆகாதுங்களா? இன்னொண்ணு, 36 எஃப்பிஎஸ் போதுங்களா? 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 36-ல ஓட்டறதுல என்னங்க பிரயோஜனம்?

கண்ணாடிக்கடை_திருச்சி

ஆகாதுன்னு இல்ல, இந்தக் கார்டை வெச்சுக்கிட்டு வேண்டாம். கார்டும் மாத்தற எண்ணம் இருந்தா 32 இன்ச் 4கே, இல்லன்னா 27 இன்ச் 1440பி. என் முடிவு அதான்.

36 எஃப்பிஎஸ் ஏ320-க்குத் தாராளம். பிரயோஜனம் வேற இடத்துல இருக்கு. திரை புதுப்பிக்கற வேகத்தை (ஹெர்ட்ஸ்) எஃப்பிஎஸ்ஸோட சேர்த்து ஓட்டற ஃப்ரீசிங்க், ஜி-சிங்க்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கற வசதி எத்தனை ஹெர்ட்ஸ்ல இருந்து எத்தனை வரைக்கும் வேலை செய்யும்னு ஸ்பெக்ல தேடுங்க. விலை குறைஞ்ச 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் பலதுல 48-லிருந்து 75 வரைன்னு இருக்கும். நீங்க ஓட்டறது 36, அந்த எல்லைக்குக் கீழ. வசதி இருந்தும் இல்லாத மாதிரிதான், படம் வெட்டும், கிழியும். 48-லிருந்து 144 வரைன்னா கதை வேற. 36 வந்தா அதே படத்தை ரெண்டு தடவை காட்டி 72-ஆ ஓட்டிக்கும். மேல் எல்லை கீழ் எல்லையை விட ரெண்டு மடங்குக்கு மேல இருந்தாத்தான் இந்த வித்தை நடக்கும். சிம்காரங்க 144 ஹெர்ட்ஸ் வாங்கறது இதுக்காகத்தான்.

இப்ப நம்ம ஆளுங்க கண்டுக்காத ஒரு விஷயம், பார்வைக் கோணம். 27 இன்ச் மானிட்டர் 60 செ.மீ. அகலம். 65 செ.மீ. தள்ளி உக்காந்தா அது உங்க கண்ணுல அடைக்கற கோணம் ஏறக்குறைய 50 டிகிரி. எல்லாரும் காக்பிட் முழுசும் தெரியணும்னு சிம்மில 80 டிகிரிக்கு விரிச்சு வைக்கறாங்க. 80 டிகிரி உலகத்தை 50 டிகிரி ஜன்னலுக்குள்ள அமுக்கினா எல்லாம் சிறுத்துப் போகும், ஓடுதளம் இருக்கற இடத்தை விட்டுத் தள்ளிப் போன மாதிரி தெரியும். இறங்கறப்ப மூக்கைத் தூக்கற உயரம் தப்பறதுக்கு இது ஒரு காரணம்.

ஓடுதளம் பக்கத்துல நின்னு, இறங்கற சரிவு சரியான்னு வெள்ளை சிவப்பாக் காட்டற பாப்பி விளக்கை எடுத்துக்கங்க. பெரிய ஓடுதளத்துல நாலு விளக்கு, ஒண்ணுக்கொண்ணு 9 மீட்டர், முதல் விளக்குக்கும் கடைசி விளக்குக்கும் 27 மீட்டர். 3 டிகிரி சரிவுல 5 நாட்டிக்கல் மைல் தூரத்துல, சுமார் 1,600 அடியில வர்றீங்க. அங்கிருந்து அந்த 27 மீட்டர் ஒரு டிகிரியில ஆறுல ஒரு பங்குதான். 1080பி-ல 80 டிகிரிக்கு விரிச்சு வெச்சா நாலு விளக்குக்கும் சேர்த்து மூணு புள்ளி அகலம்தான் கிடைக்கும். நாலு விளக்கு, மூணு புள்ளி! எது வெள்ளை எது சிவப்புன்னு எப்படித் தெரியும்? ரோஸ் கலர்ல ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். சிம் விளக்கை நிஜத்தை விடப் பெருசாக் காட்டி ஒப்பேத்தும், அதனாலயே ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். 4கே-ல அதே 80 டிகிரிக்கு ஆறரைப் புள்ளி. 1440பி-யை 50 டிகிரிக்குச் சுருக்கி வெச்சா எட்டு. பார்த்தீங்களா, பாப்பி படிக்கறதுல கோணத்தைச் சுருக்கின 1440பி விரிச்சு வெச்ச 4கே-வையே முந்திருது. எக்ஸ்-ப்ளேன்ல இதை டிகிரியாவே கொடுக்கலாம். உங்க சிம்மில காக்பிட் கேமரா ஜூம்னு சதவீதமா இருக்கும், ஏத்திப் பாருங்க.

கோணத்தைச் சுருக்கினா பிஎஃப்டி கீழ போய் மறைஞ்சுரும்னு கேப்பீங்க. அதுக்குத்தான் பழைய 24 இன்ச்சை விக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். வலது ஆல்ட்டை அமுக்கிக்கிட்டு பிஎஃப்டி மேல க்ளிக் பண்ணினா அது தனி ஜன்னலா வெளிய வரும். அதை இழுத்து 24 இன்ச்சுல போடுங்க, பக்கத்துல எம்சிடியூவையும் போடுங்க. எஃப்பிஎஸ் கொஞ்சம் குறையும். ஆனா நம்பர் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும், பெரிய திரை முழுக்க வெளியே பார்க்கறதுக்குன்னு ஆயிரும். எத்தனை 4கே வாங்கினாலும் இந்தச் சுகம் ஒரே திரையில வராது.

ஷார்ஜா_சிம்மர்

திருச்சி அண்ணன் சொல்றதெல்லாம் சரி, ஆனா டிவியை யாருமே பேசலையே. நான் 43 இன்ச் 4கே டிவியில ஓட்டறேன். உயரம் 53 செ.மீ., ஓவர்ஹெட் பேனலை (தலைக்கு மேல இருக்கற சுவிட்ச் பலகை) பார்க்கக்கூட அவ்வளவா கேமராவை அசைக்க வேண்டியதில்ல. விலையும் 32 இன்ச் மானிட்டர் பக்கத்துலதான் வருது.

வாங்கறவங்க ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க. எச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருக்கற பழைய டிவியில 4கே 30 ஹெர்ட்ஸ்தான் வரும், 60 வேணும்னா 2.0 இருக்கணும். அப்புறம் டிவி செட்டிங்ல உள்ளீட்டுக்கு பிசின்னு பேர் வைங்க, இல்ல கேம் மோடு போடுங்க. அது இல்லாம விட்டா பல டிவி நிறத் தகவலைப் பாதியாக்கிருது. வெள்ளை எழுத்து பரவாயில்லாமத் தெரியும். நேவிகேஷன் டிஸ்ப்ளேல கறுப்பு மேல மெஜந்தா, சிவப்பு எழுத்து வந்தாக் கசங்கிப் போய் நிக்கும். பேனல் கோளாறுன்னு நினைச்சுத் திருப்பிக் கொடுத்தவங்க இருக்காங்க.

கோவை_172

டிவி ஆசையாத்தான் இருக்குங்க, ஆனா 60 செ.மீ. மேசையில 43 இன்ச் வெச்சா சினிமாத் தியேட்டர்ல முதல் வரிசை டிக்கெட் மாதிரி ஆயிருமேங்க.

கண்ணாடிக்கடை_திருச்சி

ஷார்ஜா தம்பி, நீங்க எவ்வளவு தள்ளி உக்கார்றீங்க? 43 இன்ச்சை ஒரு மீட்டர்ல வெச்சா கண்ணுல அடைக்கற கோணம் 51 டிகிரி. 27 இன்ச்சை 60 செ.மீ.-ல வெச்சா 53. ரெண்டும் கண்ணுக்கு ஒரே ஜன்னல்தான். தூரம் சொல்லாம இன்ச்சு மட்டும் சொல்றது பவர் சொல்லாம கண்ணாடி கேக்கற கதை.

ஆனா டிவிக்கு ஒரு சாதகம் உண்டு, அதை நான்தான் சொல்லியாகணும். 60 செ.மீ.-ல இருக்கறதைப் பார்க்கக் கண்ணு 1.67 டயாப்டர் (கண்ணாடி பவர் சொல்ற அளவு) முக்கணும். ஒரு மீட்டர்ல இருந்தா 1 போதும். நாற்பது தாண்டினவங்களுக்கு இது பெரிய வித்தியாசம். வாசிக்கற கண்ணாடி 40 செ.மீ.-க்குக் கொடுக்கறது, அதைப் போட்டுக்கிட்டு மானிட்டரைப் பார்த்தா மங்கல்தான். ப்ரோக்ரெசிவ் போட்டவங்க கதை இன்னும் பாவம். நடுத்தூரம் தெரியற பகுதி லென்ஸ்ல கொஞ்சம் கீழ இருக்கும், அதனால உயரமான திரையோட மேல் பாதியைப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடிச்சுக்கும். அவங்க மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கீழ இறக்கி வைக்கணும், இல்லன்னா திரையோட தூரத்தை டேப் வெச்சு அளந்துக்கிட்டுப் போய் அந்தத் தூரத்துக்குன்னு தனியா ஒரு கண்ணாடி போட்டுக்கணும். கடையில வந்து இந்தத் தூரத்தைச் சொல்றவங்க ரொம்பக் குறைச்சல்.

கோவைத் தம்பிக்கு என்ன வயசு?

கோவை_172

34ங்க. கண்ணாடி இல்ல.

அப்ப 27 இன்ச் 1440பி, 48-லிருந்து 144 ஹெர்ட்ஸ், பழைய 24 பிஎஃப்டிக்கு. முடிவு பண்ணியாச்சு. கடைசியா ஒண்ணு, விஏ பேனலா ஐபிஎஸ்ஸா? ஓலெட் பட்ஜெட்டுக்கு வராது, இருந்தாலும் கேட்டு வெச்சுக்கறேன்.

கண்ணாடிக்கடை_திருச்சி

ராத்திரிப் பறப்பு அதிகம்னா யோசிக்கணும், உங்களுக்கு ஐபிஎஸ் போதும். விஏ-ல கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும், ஆனா விலை குறைஞ்சதுல இருட்டான இடம் நகர்றப்ப பின்னால மை இழுத்த மாதிரி வரும். இரவு டாக்ஸியில தலையைத் திருப்பினா உடனே தெரியும். ஐபிஎஸ்ல இருட்டுல மூலைகள்ல வெளுப்பு தெரியும், அது பழகிரும். ஓலெட் பார்க்க ஏ-ஒன். ஆனா மணிக்கணக்கா ஒரே பேனல், ஒரே கோடு, ஒரே இடத்துல நிக்கற விளையாட்டுல அதைப் போட எனக்கு மனசு வரல, தழும்பு விழும்.

வாங்கறப்ப ஸ்டாண்டு மேல கீழ நகருதான்னும், பின்னால 100 மி.மீ. வெசா ஓட்டை இருக்கான்னும் பாருங்க. செவுத்துல ஒரு கை போட்டு மாட்டிட்டீங்கன்னா ஸ்டாண்டு அடைக்கற 20 செ.மீ. மிச்சம். பிற்பாடு 32 இன்ச் 4கே-க்குப் போனா அந்த இடம் வேண்டியிருக்கும்.

ரன்வே_ராஜா

அண்ணா, நான் 32 இன்ச்சை 50 செ.மீ.-ல வெச்சு ஓட்டறேன். ஜூமை எவ்வளவு வைக்கறது?

கண்ணாடிக்கடை_திருச்சி

திரை 71 செ.மீ. அகலம், தூரம் 50, கோணம் 71 டிகிரி. எக்ஸ்-ப்ளேன்ல அப்படியே 71-னு போட்டுப் பாருங்க. அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க தம்பி.